வெப்பக் காற்று பலூனை ஓட்டுவது யார்? ஏறும் முன் பயணிகள் அறிய வேண்டியவை

பெங்களூரு:

விமானத்தில் ஏறுபவருக்குத் தாம் எங்கே இறங்கப் போகிறோம் என்பது தெரியும். வெப்பக் காற்று பலூனில் ஏறுபவருக்கு அது தெரியாது. அவரை அழைத்துச் செல்லும் விமானிக்கும் முழுமையாகத் தெரியாது. பலூனுக்குச் சுக்கான் இல்லை, இறக்கை இல்லை, முன்னோக்கித் தள்ளும் இயந்திரமும் இல்லை. விமானியின் கையில் இருப்பது ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே. திசையைக் காற்றுதான் தீர்மானிக்கிறது.

பெங்களூருவில் வசிக்கும் தமிழர்கள் பலர் பொங்கல் விடுமுறையில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்குச் செல்கின்றனர். தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா 2015-ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டு வருகிறது. அதன் பத்தாவது பதிப்பு 2025 ஜனவரியில் சென்னை அருகே உள்ள திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை ஆகிய இடங்களில் நடைபெற்றது. அப்போது பொள்ளாச்சியில் இருந்து பயணிகளுடன் புறப்பட்ட ஒரு பலூன், காற்றின் போக்கில் மாநில எல்லையைக் கடந்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கன்னிமாரி பகுதியில் உள்ள நெல் வயலில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு ஆபத்து ஏதும் நேரவில்லை. செய்தியைப் படித்த பலர் இதனை விபத்து என்றே எண்ணினர். ஆனால் பலூன் பயணத்தில் முன்பின் அறியாத ஒருவரின் வயலில் இறங்குவது வழக்கமான ஒன்றுதான்.

காற்றின் எடையில் அடங்கிய கணக்கு

பலூன் மேலே எழுவதற்கான காரணம் எளிது. சூடான காற்று விரிவடைகிறது. அதனால் ஒரே அளவு இடத்தில் அடங்கும் சூடான காற்றின் எடை, வெளியே உள்ள குளிர்ந்த காற்றின் எடையைவிடக் குறைவாக இருக்கும். இந்த எடை வேறுபாடே பலூனைத் தூக்குகிறது. தண்ணீரில் அமுக்கிய காலிக் குடம் மேலே வருவதும் இதே தத்துவத்தால்தான்.

பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சம வெப்பநிலையில் சென்னையுடன் ஒப்பிட்டால் இங்கு காற்றின் அடர்த்தி சுமார் பத்து விழுக்காடு குறைவு. அப்படியென்றால் பெங்களூருவில் பலூனுக்குத் தூக்குதிறன் குறையுமா என்ற கேள்வி எழலாம். குறையும். ஆனால் இந்நகரின் குளிர் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது.

ஜனவரி மாத விடியற்காலையில் பெங்களூருவின் வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். வெளியே ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.09 கிலோ. பலூனுக்குள் 100 டிகிரிக்குச் சூடாக்கப்பட்ட காற்றின் எடை ஏறத்தாழ 0.85 கிலோ. ஒவ்வொரு கன மீட்டரும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையைத் தூக்குகிறது. சிறிய குழுவை ஏற்றிச் செல்லும் பலூன் ஒன்றின் கொள்ளளவு சுமார் 2,800 கன மீட்டர். எனவே அதன் மொத்தத் தூக்குதிறன் 690 கிலோ அளவில் இருக்கும். அதே மாதத்தில் 22 டிகிரி வெப்பநிலையில் விடியும் சென்னையில் இது சுமார் 700 கிலோ. இரு நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு சிறு பயணப் பையின் எடைதான்.

உண்மையான வேறுபாடு ஊருக்கு ஊர் வருவதில்லை, வேளைக்கு வேளை வருகிறது. அதே பெங்களூருவில், வெப்பநிலை 30 டிகிரியை எட்டும் பிற்பகலில், அதே பலூனின் தூக்குதிறன் சுமார் 550 கிலோவாகச் சரிந்துவிடும். துணி உறை, கூடை, பர்னர், நிரப்பிய எரிவாயு உருளைகள் ஆகியவற்றின் எடையே 380 கிலோ வரை வரும். அதனைக் கழித்தால், காலையில் விமானி உட்பட நான்கு பேர் செல்லக்கூடிய பலூனில் பிற்பகலில் இருவர் மட்டுமே செல்ல முடியும். உள்ளே இருக்கும் காற்றை மேலும் சூடாக்கி இதனைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணலாம். ஆனால் நைலான் துணியால் ஆன உறை தாங்கும் வெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புறப்படும் முன் பயணிகளின் உடல் எடையைக் கேட்பதும், சில இடங்களில் நிறுத்துப் பார்ப்பதும் இந்தக் கணக்குக்காகவே. அங்கு கூச்சத்தால் எடையைக் குறைத்துச் சொல்வது யாருக்கும் நன்மை தராது.

பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டையில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவன வளாகத்தில் இருந்து ஆய்வுக் கருவிகளுடன் விடப்படும் பலூன்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மனிதர் செல்வதில்லை.

1783 முதல் இன்று வரை

1783 நவம்பர் 21 அன்று பாரிஸ் நகரில், மோன்கோல்ஃபியே சகோதரர்கள் உருவாக்கிய பலூனில் இரண்டு மனிதர்கள் முதன்முறையாகக் கட்டுகள் இன்றி வானில் பறந்தனர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் வெர்சாய் அரண்மனையில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவை சோதனைப் பயணிகளாக அனுப்பப்பட்டிருந்தன. அந்தப் பலூன்களுக்கு வைக்கோல் போன்றவையே எரிபொருள். பறக்கும்போதே காற்றைச் சூடாக்கும் புரொப்பேன் பர்னருடன் கூடிய இன்றைய வடிவத்தை அமெரிக்கரான எட் யோஸ்ட் 1960-ஆம் ஆண்டு பறக்கவிட்டுக் காட்டினார்.

இதில் இந்தியருக்கும் ஓர் இடம் உண்டு. 2005 நவம்பர் 26 அன்று மும்பையில் இருந்து புறப்பட்ட தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா, வெப்பக் காற்று பலூனில் 21,027 மீட்டர் உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது. சுற்றுலாப் பலூன்கள் இதில் சிறு பகுதியைக்கூட எட்டுவதில்லை.

விடியற்காலையில் மட்டும் ஏன்?

பலூன் பயணத்துக்கு அதிகாலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ வரச் சொல்வது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. தூக்குதிறன் அதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் காற்றின் அமைதி. சூரியன் ஏறி நிலம் சூடானதும், ஆங்காங்கே வெப்பக் காற்று தூண் தூணாக மேலெழும். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயரச் செல்வது இந்தத் தூண்களுக்குள்தான். பருந்துக்கு உதவும் அதே காற்று பலூனைக் கட்டுப்பாடின்றி மேலும் கீழும் இழுக்கும். எனவே சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரமும், சில இடங்களில் அந்திக்கு முந்தைய நேரமும் மட்டுமே பறப்பதற்கு ஏற்றவை.

மத்தியப் பிரதேசத்தின் காந்தி சாகரில் 2025 செப்டம்பரில் நடந்த நிகழ்வு இதற்கு எடுத்துக்காட்டு. அம்மாநில முதல்வர் மோகன் யாதவ் பலூன் கூடையில் இருந்தபோது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதால் பலூன் மேலெழ முடியவில்லை. அதன் கீழ்ப்பகுதியில் தீப்பற்றியது. ஊழியர்கள் உடனடியாகத் தீயை அணைத்தனர், முதல்வருக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. சாலையில் செல்பவருக்கு அந்த வேகம் இதமான தென்றல். பல மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு விரிந்து நிற்கும் துணிக்கோ அது பாய்மரத்தை இழுக்கும் காற்று.

கயிற்றில் கட்டினால் பாதுகாப்பா?

பெங்களூருவைச் சுற்றி எச்.ஏ.எல். விமான நிலையம், எலஹங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் விமானத் தளம், தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையம் ஆகியவை இயங்குகின்றன. இத்தகைய வான்பரப்பில், திசையைத் தேர்ந்தெடுக்க இயலாத ஒரு கலத்தை விருப்பம்போல் பறக்கவிட முடியாது. இறங்குவதற்கான திறந்தவெளிகளும் நகரில் அருகிவிட்டன. ஆகவே கண்காட்சிகளிலும் விடுதிகளிலும் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கயிற்றால் கட்டப்பட்ட பலூன்தான். அது சில பத்து மீட்டர் உயரம் சென்று சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

கயிறு இருப்பதால் இது முற்றிலும் ஆபத்தற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. கட்டற்றுப் பறக்கும் பலூன் காற்றோடு சேர்ந்து செல்வதால் காற்று அதனை மோதுவதில்லை. கட்டப்பட்ட பலூனோ காற்றை எதிர்த்து நிற்கிறது. வேகமான காற்று முழுவதும் துணியிலும் கயிற்றிலும் இறங்குகிறது. ராஜஸ்தானின் பாரான் நகரில் 2025 ஏப்ரலில் நடந்த விழாவில், பலூன் திடீரென மேலெழுந்தபோது கயிற்றுடன் தூக்கிச் செல்லப்பட்ட ஊழியர் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். கயிற்றின் அருகே நின்று படம் எடுப்பதையும், உதவி செய்வதாக எண்ணிக் கயிற்றைப் பிடிப்பதையும் பார்வையாளர்கள் தவிர்க்க வேண்டும்.

கூடைக்குள் என்ன நேரும்?

முதலில் தரையில் கிடக்கும் துணிக்குள் பெரிய மின்விசிறியால் குளிர்ந்த காற்று செலுத்தப்படும். பின்னர் பர்னர் இயக்கப்பட்டு உறை நிமிரும். கூடையில் இருக்கை இல்லை, கழிப்பறையும் இல்லை. சுமார் ஒரு மணி நேரம் நின்றபடியே பயணம் செய்ய வேண்டும். கூடையின் சுவர் பெரியவர்களின் மார்பளவு உயரத்தில் இருப்பதால் மிகச் சிறிய குழந்தைகளுக்கு வெளியே பார்க்க முடியாது, இறங்கும்போது தாங்கிப் பிடிக்கவும் இயலாது. கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், முதுகு, மூட்டு வலி உள்ளோர் இப்பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

பர்னர் எரியும்போது அதன் இரைச்சலில் பேச்சு நின்றுவிடும். தலைக்கு மேல் அனல் அடிப்பதால் தொப்பி அணிவது உதவும், பருத்தி ஆடை ஏற்றது. பர்னர் நின்றதும் வரும் அமைதி பலரை வியப்பில் ஆழ்த்துகிறது. பலூனும் காற்றும் ஒரே வேகத்தில் செல்வதால் முகத்தில் காற்று படாது. கீழே நாய் குரைப்பதும் மனிதர் பேசுவதும் தெளிவாகக் கேட்கும். மாடியில் இருந்து எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள்கூடப் பலூனில் அவ்வளவாக அச்சம் தோன்றுவதில்லை என்று கூறுவதுண்டு. தரையோடு இணைக்கும் சுவர் எதுவும் கண்ணில் படாததே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

திசை முற்றிலும் கைவிட்டுப் போனதும் அல்ல. ஒவ்வோர் உயரத்திலும் காற்று வெவ்வேறு திசையில் வீசுவதுண்டு. விமானி ஏறியும் இறங்கியும் தமக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடிக்கிறார். அந்தத் தேடல் எப்போதும் கைகூடும் என்று சொல்ல முடியாது.

இறங்கும் நிமிடம்

பயணிகள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி தரையிறக்கம். காற்று சற்று வேகமாக இருந்தால் கூடை தரையில் உரசி இழுபட்டுப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இது வழக்கத்துக்கு மாறானது அன்று. கைப்பேசியையும் கேமராவையும் உள்ளே வைத்துவிட்டு, செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்கால்களைச் சற்று மடக்கி, கூடைக்குள் உள்ள கயிற்றுப் பிடிகளை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். கையைக் கூடையின் விளிம்புக்கு வெளியே நீட்டக் கூடாது.

கூடை நின்றதும் குதித்து இறங்குவதே பெரும் தவறு. ஒருவர் இறங்கினால் 60 அல்லது 70 கிலோ எடை குறைகிறது. உறைக்குள் சூடான காற்று இன்னும் இருப்பதால் பலூன் மற்றவர்களுடன் மீண்டும் மேலெழக்கூடும். எகிப்தின் லக்சர் நகரில் 2013 பிப்ரவரியில் 19 பேர் உயிரிழந்த விபத்திலும், பிரேசிலின் பிரையா கிராண்டியில் 2025 ஜூனில் 8 பேர் உயிரிழந்த விபத்திலும், தீப்பற்றிய கூடையில் இருந்து சிலர் வெளியேறியதும் எடை குறைந்த பலூன் எஞ்சியவர்களுடன் மேலே சென்றது. தீ போன்ற நெருக்கடி நேர்ந்தாலும், எப்போது இறங்குவது என்பது விமானியின் சொல்லைப் பொறுத்தது.

மின்கம்பிகள் மற்றோர் ஆபத்து. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் லாக்கார்ட் அருகே 2016 ஜூலையில் மின்கம்பியில் மோதிய பலூனில் இருந்த 16 பேரும் உயிரிழந்தனர். மூடுபனி இருந்தும் புறப்பட்டு, தொடர்ந்து பறந்த விமானியின் முடிவே காரணம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அன்று பயணத்தை ரத்து செய்திருந்தால் பயணிகளுக்கு ஏமாற்றம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இந்தியாவில் பலூன்களும் வான்கலங்களாகவே கருதப்படுவதால் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கட்டுப்பாட்டின்கீழ் வருகின்றன. விமானிக்கு உரிமம் உள்ளதா, பயணத்துக்குக் காப்பீடு உண்டா, வானிலையால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை முன்பதிவின்போதே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது. இவற்றில் கடைசிக் கேள்வி முக்கியமானது. ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் நிறுவனம், காற்று பலமாக வீசும் காலையிலும் பலூனைக் கிளப்பிவிடத் துணியக்கூடும். வேறு நாளில் பயணம் என்ற ஏற்பாடு இருந்தால் அந்த நெருக்கடி குறையும். ஊர் திரும்ப ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்ட கடைசி நாள் காலையில் பலூன் பயணத்தை வைத்துக்கொள்ளாமல், விடுமுறையின் முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால், விமானி "இன்று வேண்டாம்" என்று சொன்னாலும் மறுநாள் ஒன்று மிச்சம் இருக்கும்.