வீட்டுக் கணினிக்கும் காவல் வேண்டும்

இரவிலே படலையைச் சாத்தி, கதவைப் பூட்டித் திறப்பைப் பத்திரப்படுத்திய பின்னரே நாம் உறங்கச் செல்கின்றோம். ஆனால், மேசைமீதிருக்கும் கணினிக்கும் ஒரு வாசல் உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும், கலியாணப் படங்களும், கடல் கடந்து வாழும் உறவினரின் கடிதங்களும் இன்று அப்பெட்டியினுள்ளேயே இருக்கின்றன. அவற்றைக் களவாடவும் அழிக்கவுமென்றே எழுதப்படும் தீய மென்பொருள்கள் பல உள.

அவற்றுட் பலவற்றை நாமே கதவு திறந்து வரவேற்கின்றோம். 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி, 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்னும் தலைப்புடைய மின்னஞ்சலொன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிற்று. அதனுடன் இணைந்திருந்த 'காதற் கடித'த்தைத் திறந்ததும், அது கணினியிலிருந்த படங்களை அழித்தது; திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அறிமுகமானவரின் பெயரில் வந்தமையால் பலரும் ஐயுற்றாரில்லை. ஆதலின், தெரிந்தவரிடமிருந்து வந்தாலும், எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டறிதல் நன்று.

வேறு சிலவற்றுக்குக் கதவு திறக்கவும் வேண்டியதில்லை. சுவரிலுள்ள வெடிப்பே போதும். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி பரவிய 'வன்னாகிரை' அத்தகையது. கோப்புகளைப் பூட்டி வைத்துவிட்டு, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்டது அது. சுமார் 150 நாடுகளில் அது புகுந்தது. இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆனால், அவ்வெடிப்பை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் 14ஆந் திகதியே வெளியிட்டிருந்தது! மருந்து கைக்கெட்டிய பின்னரும் பலர் அதனை உட்கொள்ளவில்லை. கணினி 'புதுப்பிக்க வேண்டும்' என்று அறிவிக்கும்போது, 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிவிடும் நாமும் அதே தவற்றையே செய்கின்றோம். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்தப்பட்டன என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் மனத்திற் கொள்க.

இத்தனை காவலையும் மீறிக் கள்வன் புகுந்தால் என் செய்வது? கேட்ட பணத்தைக் கொடுத்தாலும் கோப்புகள் திரும்புமென்பது நிச்சயமன்று. முன்னரே எடுத்து வைத்த பிரதியொன்றே கைகொடுக்கும். முக்கியமானவற்றை வெளி வன்தட்டொன்றிற் பிரதிசெய்து, உடனே அதனைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். இணைத்தபடியே விட்டால், கணினியைப் பூட்டும் கள்வன் அதனையும் பூட்டிவிடுவான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாணவர்களே, மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிப் பெற்றோருடன் அமருங்கள். தள்ளிவைத்த திருத்தங்களை ஏற்றுங்கள், பிரதியொன்றும் எடுங்கள். பாட்டியின் பழைய படம் ஒன்று அழிந்துபோனால், அதனை எந்தக் கடையிலும் வாங்க முடியாதன்றோ?