கேட்டதைக் கொடுப்பதா, கேட்டறிந்து கொடுப்பதா?

திருநெல்வேலி டவுனில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்துவரும் எங்களிடம், கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற ஆண்டு வந்திருந்தார். இனி நைட்டிகளைத் தைத்த உருப்படியாக வாங்காமல், துணியாக வாங்கி அங்கேயே வெட்டித் தைக்க அவருக்கு எண்ணம். "அண்ணாச்சி, துணி வெட்டும் மெஷின் ஒன்று பார்த்துக் கொடுங்கள். பத்து அங்குலக் கத்தி, இருப்பதில் பெரியதாக வேண்டும்" என்றார்.

உடனே தலையாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பினாங்கு வாடிக்கையாளர் ஒருவர் இதேபோல் கடிதம் எழுதினார். ஒரு கேள்வியும் கேளாமல் வாங்கிக் கப்பலேற்றினோம். அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. அவர் கடையிலோ ஒருமுனை இணைப்பு. இயந்திரம் சாக்கு மூடிக் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; ஆனால் அதன்பின் எங்களிடம் சரக்கும் கேட்கவில்லை. தவறு எங்களுடையதே.

ஆகவே, "தம்பி, விலையை நாளை பேசலாம். இன்று புதியம்புத்தூர் போய் வருவோம்" என்றோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒட்டப்பிடாரம் பக்கத்திலுள்ள அவ்வூர் ஆயத்த ஆடைக்குப் பெயர் பெற்றது.

அங்கு கட்டிங் மாஸ்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். வட்டக் கத்தி சில அடுக்குகளை நேராக வெட்ட நல்லது. கழுத்து, கை வளைவுகளுக்கு ஆகாது. மேலும் கீழும் ஓடும் நேர்க்கத்தியே அதற்கு ஏற்றது. கத்தியின் நீளத்தில் இரண்டு அங்குலம் கழித்தால், வெட்டக்கூடிய உயரம் ஏறக்குறையத் தெரியும். நம்மவர் கொண்டுவந்த துணியை நூறு அடுக்கு விரித்து அளவுகோல் வைத்தோம். ஒன்றரை அங்குலத்தைத் தாண்டவில்லை! ஆறு அங்குலக் கத்தியே தாராளம். கத்தி நீண்டால் எடை கூடும், வளைவில் திருப்புவதும் சிரமம். செயற்கை இழைத் துணியானால் சூட்டில் ஓரம் உருகி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க வழி இருக்கவேண்டும்.

பிறகு மாஸ்டர் தம் இடது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. "கையுறை போடாத ஒரே நாள்" என்றார். எஃகு வலைக் கையுறையை முதல் ஆளாகப் பட்டியலில் எழுதியவர் கொழும்புக்காரர்தான்.

மின்சாரத்தில் சிக்கலில்லை. இலங்கையிலும் நம்மைப்போல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதை மறக்கலாகாது. சுங்கப் பட்டியலில் துணி வெட்டும் இயந்திரம் 8451, தையல் இயந்திரம் 8452. எண்ணை மாற்றி எழுதினால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

முடிவில் ஆறு அங்குல, ஒருமுனை இயந்திரமும், உபரிக் கத்திகளும், சாணைப் பட்டையும், கையுறையும் போயின. எங்களுக்குக் கிடைத்த கமிஷன் குறைவுதான். ஆனால் மாதந்தோறும் நைட்டித் துணிக்கு அவரிடமிருந்து ஆர்டர் வருகிறது.

மளிகைக் கடை நடத்தும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். தராசோ, மாவு அரைக்கும் இயந்திரமோ வாங்கித் தரும்படி ஒருவர் நம்மை நம்பிக் கேட்டால், விலை சொல்வதற்கு முன் நான்கு கேள்வி கேட்போம்: என்ன சரக்கு, எவ்வளவு, என்ன மின்சாரம், பழுதானால் யார் பார்ப்பார்கள்? அந்த நான்கு கேள்விக்குக் காசு செலவில்லை. கேளாமல் விட்டதற்கு நாங்கள் கொடுத்த விலை, ஒரு நல்ல வாடிக்கையாளர்.