மண்ணும் மொழியும் – 14: அமீலியா பாடிய பாட்டு

அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத் தீவுகளில் வாழும் குல்லா-கீச்சி மக்களின் நெல் வயல்களோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அந்த மண் அவர்கள் கையை விட்டுப் போகும் சட்ட வழிகளை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால் லொரென்சோ டவ் டர்னர் குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

டர்னர் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பேராசிரியர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1929 கோடையில் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே தீவுகளிலிருந்து வந்திருந்த மாணவர்களின் பேச்சு அவர் காதில் விழுந்தது. அப்படியொரு பேச்சை அவர் அதுவரை கேட்டதில்லை.

அன்று அந்தப் பேச்சுக்கு மரியாதையே கிடையாது. ஆம்ப்ரோஸ் கொன்சாலஸ் என்ற பத்திரிகை அதிபர் 1922இல் வெளியிட்ட நூலில், கறுப்பர்களின் நாக்கும் உதடும் மூக்கும் சேர்ந்து ஆங்கிலத்தைக் குதறியதன் விளைவே குல்லா என்று எழுதினார். பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லின: பிரிட்டனின் பழைய வட்டார வழக்குகளிலிருந்து வந்த மிச்சம் இது, இதில் ஆப்பிரிக்கா இல்லை. இப்படி எழுதியவர்களில் யாருக்கும் ஓர் ஆப்பிரிக்க மொழிகூடத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிரேஸியரும் அடிமைமுறை எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டது என்றே வாதிட்டார். அவருடைய அக்கறை வேறு. கறுப்பினக் குடும்பங்கள் படும் பாட்டுக்கு அமெரிக்கா செய்த கொடுமையே காரணம் என்று நிறுவுவது அவருக்கு முக்கியமாக இருந்தது.

டர்னர் மறுப்புக் கட்டுரை எழுத உட்காரவில்லை, படிக்கப் போனார். ஒலியியல் பயின்றார். 1930களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவு தீவாக அலைந்தார். பிறகு லண்டனுக்குப் போய் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார். ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார் வாழும் பிரேசிலின் பாஹியாவுக்கும் போனார். நூல் வெளிவந்தது 1949இல்.

அந்த நூலின் பெரும்பகுதி ஆட்பெயர்கள். குல்லா வீடுகளில் குழந்தைக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அரசுப் பதிவேட்டுக்கும் ஆங்கிலப் பெயர். வீட்டில் கூப்பிட ‘கூடைப் பெயர்’. முந்தைய ஆய்வாளர்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். டர்னர் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் கொட்டின: யொரூபா, மெண்டே, கொங்கோ, இன்னும் எத்தனையோ மொழிகளின் பெயர்கள். சும்மா கேட்டதும் சொல்லிவிடவில்லை. ஒருமுறை உடன் வந்த வெள்ளை ஆய்வாளர் பேசிய தொனி பிடிக்காமல் ஒருவர் முறுக்கிக்கொள்ள, அவர் மனத்தை மறுபடி வெல்ல டர்னர் பாடுபட வேண்டியிருந்தது. மரியாதை இல்லாத இடத்தில் அந்த மக்கள் தங்கள் பேச்சைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண் டர்னருக்கு ஒரு பாட்டுப் பாடினார். சில வரிகள்தான். பொருள் அவருக்குத் தெரியாது. பெரியவர்களிடம் கேட்டுப் பழகியது. பிற்பாடு சியரா லியோனிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர் அதைக் கேட்டு, இது என் நாட்டு மெண்டே மொழி என்று அடையாளம் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தாலே பெரிய செய்தி. 1990 வாக்கில் மானுடவியலாளர் ஜோசப் ஒபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், மொழியியலாளர் டஸீஃப் கொரோமா மூவரும் அந்த ஒலிப்பதிவோடு சியரா லியோனில் ஊர் ஊராகத் தேடினார்கள். பாட்டில் இருந்த தெற்கத்தி மெண்டே வழக்கு ஒன்று வழிகாட்டியது. சேனஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண் பதிவைக் கேட்டதும் கூடவே பாடத் தொடங்கினார். சாவுச் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது. சடங்கு எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. பிரிந்துபோன சொந்தம் ஒருநாள் திரும்பி வரும், இந்தப் பாட்டை விட்டுவிடாதே என்று பாட்டி சொல்லி வைத்ததால் ஜபாட்டி சொற்களைக் கொஞ்சம் மாற்றி வேறு வேலைகளில் பாடிக்கொண்டே இருந்தார்.

ஹாரிஸ் நெக்கிலும் பாட்டு உயிரோடு இருந்தது. அமீலியாவின் மகள் மேரி மொரான் அம்மாவிடம் கற்றிருந்தார். சியரா லியோனின் உள்நாட்டுப் போரால் பயணம் தள்ளித் தள்ளிப் போய், 1997இல்தான் மேரி சேனஹுன் ங்கோலாவில் கால் வைத்தார். போர் அந்த ஊரையும் விட்டு வைத்திருக்கவில்லை. அங்கே இரண்டு பெண்களும் சந்தித்தார்கள். 1998இல் வந்த ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். கண்ணீரை அடக்க முடியாது. அதைவிட, கொன்சாலஸ் போன்றவர்கள் எழுதியதைப் படித்து எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பறையில் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்புதான் எனக்கு அடங்கவில்லை.

மேரி பிறந்த ஊர் இன்று இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் ஹாரிஸ் நெக் தோட்டத்தை அதன் உரிமையாளர் மார்கரெட் ஹாரிஸ், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ராபர்ட் டெலிகலுக்கு எழுதி வைத்தார். அங்கே கறுப்பினக் குடும்பங்கள் மீன்பிடித்தும் பயிரிட்டும் சொந்தக்காலில் நின்றன. 1942இல் போர் விமானத் தளம் வேண்டுமென்று மத்திய அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. சில வாரங்களுக்குள் காலி செய்யச் சொன்னார்கள். வீடுகளை இடித்தும் எரித்தும் போட்டார்கள். போர் முடிந்ததும் நிலம் குடும்பங்களுக்குத் திரும்பவில்லை, உள்ளூர் நிர்வாகத்துக்குப் போனது. 1962 முதல் அது வனவிலங்குச் சரணாலயம். 1979இல் வாரிசுகள் உள்ளே போய்க் கூடாரம் அடித்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. நாரைகள் அங்கே கூடு கட்டட்டும், யார் வேண்டாமென்றது? வாரிசுகள் வீடு கட்டி வாழவும் அந்த மண்ணில் இடமுண்டு. கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரைக்கூட ஒரு பாட்டை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு, கண்ணெதிரே இருக்கும் ஊரைத் திருப்பித் தர ஏன் இத்தனை காலம்?

ஹாரிஸ் நெக்கை அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. தீவுகளில் நடந்தது வேறு. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிறது. எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு வாரிசு தன் பங்கை விற்றால்கூட, வாங்கியவர் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.