வளரும் நாய்க்குட்டியும் ஓட்டப் பயிற்சியும்

மாணவர்களே, நாய் வளர்ப்பைப் பற்றிப் பேச ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தகுதி ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பாடத்தில் நான் தவறியவன். 34 ஆண்டுகள் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவும் குதிக்கவும் ஏவி, உழைக்கும் உடலே உறுதி பெறும் என்று ஓயாமற் சொல்லிவந்த எனக்கு, அதே விதி ஐந்து மாத நாய்க்குட்டிக்கும் பொருந்தும் என்று தோன்றியது. அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமற் போகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

என் பேரன் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் இராஜபாளையம் இனத்து ஆண் குட்டி ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவந்தான். இந்த இனத்தை நேரிற் காணாதவர்களும் படத்திலேனும் கண்டிருக்கலாம். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்கள் நான்கிற்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்தது. பால்போன்ற நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். வளர்ந்தபின் தோளளவில் இரண்டடிக்கு மேல் நிற்கும். வேட்டைக்கென்றே பேணப்பட்ட இனமாதலால் ஓட்டம் அதற்கு மூச்சைப் போன்றது. குட்டிக்கு வெள்ளையன் என்று பெயரிட்டோம்.

ஐந்தாவது மாதத்தில் என் பேரன் அதன் சங்கிலியைச் சைக்கிளிற் பிணைத்து, நாள்தோறும் காலையில் தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டத் தொடங்கினான். நான் வாசலில் நின்று பார்த்து மகிழ்ந்தேன். பாராட்டவும் செய்தேன். ஒருநாள், ஓடிக் களைத்து வந்த குட்டியை அவன் கொல்லைப்புற மதிலின்மேல் ஏற்றிவிட்டு, பந்தைக் கீழே எறிந்தான். மதில் நான்கடி உயரம். குட்டி தயங்காமற் குதித்து, உடலின் பாரம் முழுவதும் ஒரு முன்னங்காலில் விழ, வீறிட்டது. மூன்று நாள் நொண்டியது. "தாத்தா, டாக்டரிடம் காட்டிவிடலாமா?" என்று பேரன் கேட்டான். "குட்டிதானேடா, தானே சரியாகிவிடும், பள்ளிக்கூடத்துப் பையன்கள் விழாத விழுக்காடா?" என்றேன் நான். நான்காம் நாள் நொண்டல் நின்றுவிட்டது. என் சொல் பலித்ததென்று எனக்குச் சிறிது பெருமைகூட.

ஆறு வாரம் கழிந்தபின் அந்தக் கால் வளையத் தொடங்கியது.

ஏன் வளைந்தது என்பதை விளங்கிக்கொள்ள, எலும்பு எவ்வாறு நீளுகிறது என்பதை நீங்கள் அறியவேண்டும். எலும்பு தன் உடல் முழுவதிலும் இழுபட்டு நீளுவதன்று. நீண்ட எலும்பின் முனையை அடுத்து மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. அதனை வளர்ச்சித் தட்டு என்பர். அதிலுள்ள உயிரணுக்கள் பெருகிப் பெருகிப் பின்னர் எலும்பாக உறைகின்றன. கொத்தனார் சுவரின் உச்சியில் வரிசை வரிசையாகச் செங்கல் வைத்து உயர்த்துவதுபோல, வளர்ச்சி அந்த ஓரிடத்திலேயே நடைபெறுகிறது. வளர்ந்து முடிந்ததும் தட்டும் எலும்பாகி மூடிக்கொள்ளும். அதுவரையில் எலும்பின் மிக மெலிந்த இடம் அதுவே. சுற்றியுள்ள தசைநார்களைக் காட்டிலும் அது வலுக்குறைந்தது. ஆகையால் வளர்ந்த நாய்க்குச் சுளுக்கோடு போகக்கூடிய ஓர் அதிர்ச்சி, குட்டிக்கு வளர்ச்சித் தட்டையே சிதைத்துவிடலாம். நம் பிள்ளைகளின் எலும்பும் இப்படித்தான் வளர்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பதினாறு, பதினெட்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பிறக்கும்போது ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள பெருநாய்க் குட்டியோ ஓராண்டிலேயே 25 கிலோவை எட்டிவிடுகிறது. ஐம்பது மடங்கு! மனிதக் குழந்தை தன் இருபதாம் வயதிற்கூட அத்தனை மடங்கு வளர்வதில்லை.

இனி வெள்ளையனின் காலுக்கு வருவோம். நாயின் முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் இணையாக இறங்குகின்றன. முன்னால் இருப்பது ரேடியஸ். பின்னால் இருப்பது அல்னா. இரண்டும் ஒத்த வேகத்தில் நீண்டால்தான் கால் நேராக நிற்கும். அல்னாவின் நீளத்திற் பெரும்பகுதி அதன் கீழ்முனையிலுள்ள ஒரே தட்டிலிருந்து வருகிறது. அந்தத் தட்டு, மற்றவை போலத் தட்டையாக இல்லாமல், கூம்பு வடிவாக அமைந்திருக்கிறது. கடலைப் பொட்டலம் மடிக்கும் காகிதக் கூம்புகள் இரண்டை ஒன்றினுள் ஒன்று செருகி வைத்துப் பாருங்கள். தட்டையான இரு வில்லைகளைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப்போகும். கூம்புகளைத் தள்ளினாலோ வழுக்க இடமில்லை. இடையிலுள்ளது நசுங்கத்தான் வேண்டும். மதிலிலிருந்து குதித்த வெள்ளையனுக்கு நேர்ந்தது அதுவே. அல்னாவின் வளர்ச்சி அன்றோடு நின்றது. ரேடியஸ் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. பின்னெலும்பு நாண்போல இழுத்துப் பிடிக்க, முன்னெலும்பு வில்போல முன்னோக்கி வளைந்தது. பாதம் வெளிப்புறமாகத் திரும்பியது.

இந்த ஊறுபாட்டின் வஞ்சகம் யாதெனில், வலி சில நாளிற் போய்விடும். சேதம் சில வாரங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரியும். அடிபட்ட அன்றே எடுக்கும் எக்ஸ்-ரே படத்திலும் அது பிடிபடாமற் போகலாம். இரண்டு மூன்று வாரம் சென்றபின் மறுபடியும் படமெடுத்து, இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம் என்று மருத்துவர் கூறினார். நாங்கள் அவரிடம் சென்றபோது குட்டிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அல்னாவின் ஒரு துண்டை வெட்டியெடுத்து, நாணை அறுப்பதுபோல அந்த இழுப்பைத் தளர்த்தினார்கள். வளைவு மேலும் மிகாமல் நின்றது, முற்றும் நிமிரவில்லை. முதல் வாரத்திலேயே காட்டியிருந்தால் வளையும் முன்பே ஏதேனும் செய்திருக்கலாம் அல்லவா என்று பேரன் கேட்டான். மருத்துவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, மறுமொழி சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதினார்.

அப்படியானால் குட்டியைக் கட்டிப்போட்டே வளர்க்க வேண்டுமோ? அதுவும் தவறு. நார்வே நாட்டில் நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார் முதலிய நான்கு பெரிய இனங்களைச் சேர்ந்த சுமார் 500 குட்டிகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து, 2012ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இடுப்பு மூட்டுப் பிசகு என்று ஒரு நோய் உண்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியிற் செம்மையாகப் பொருந்தாமல் தளர்ந்து, நாளடைவில் மூட்டையே தேய்த்துவிடும். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆயினும் வளர்ப்பு முறையும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. முதல் மூன்று மாதத்திற் படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகிய குட்டிகளிடம் இந்நோய் மிகுதியாகவும், அதே பருவத்தில் மேடுபள்ளமான திறந்த வெளியில் கட்டின்றித் திரிந்த குட்டிகளிடம் குறைவாகவும் அவர்கள் கண்டனர்.

இதனை ஊன்றிக் கவனியுங்கள். கட்டின்றித் திரியும் குட்டி சிறிது ஓடும், நிற்கும், முகரும், புரளும், களைத்தால் படுத்துவிடும். அதன் பயிற்சிக்கு அளவுகோல் அதனிடமே இருக்கிறது. சைக்கிளிற் கட்டிய குட்டிக்கோ அளவுகோல் மிதிப்பவனின் காலில் இருக்கிறது. அது களைத்தாலும் நிற்காது. எஜமானன் போகும்வரை ஓடும். நாயின் நற்குணமே அங்கே அதற்குப் பகையாகிறது. ஆகவே புல்தரை, மணல், உழுத காடு போன்ற மெத்தென்ற நிலத்தில், தன் விருப்பப்படி விளையாடும் விளையாட்டே குட்டிக்கு உற்ற பயிற்சி. வளர்ந்த பெரிய நாயோடு மோதி விளையாட விடுவதானால், அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாரில் பிடித்து நடத்திச் செல்லும் நடைக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: வயது ஒரு மாதத்திற்கு ஐந்து நிமிடம், நான்கு மாதக் குட்டியானால் ஒரு வேளைக்கு இருபது நிமிடம். இக்கணக்கு எந்த ஆராய்ச்சியிலிருந்தும் பிறந்ததன்று, அனுபவசாலிகளின் கைக்கணக்கே. என்றாலும், மிகைப்படுத்தும் சுபாவம் உள்ளவர்களுக்கு, எனக்குத்தான் சொல்லிக்கொள்கிறேன், அது ஒரு நல்ல கடிவாளம். நடையை நிறுத்த வேண்டிய வேளையைக் குட்டியே காட்டும்: பின்தங்கும், உட்காரும், நாக்கு நீண்டு தொங்கும்.

நீண்டதூர ஓட்டம், உயரத்திலிருந்து குதித்தல், பந்தைத் தொடர்ந்து எறிந்து சடுதியில் திரும்பவைத்தல் ஆகியவை வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை காத்திருக்கட்டும். சிறிய இன நாய்களுக்குப் பத்து மாதத்திற்குள்ளாகவே அவை மூடிவிடுவதுண்டு. பெரிய இனங்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். கிரேட் டேன் போன்ற மிகப் பெரியவற்றிற்கு இரண்டாண்டுவரைகூடச் செல்லும். எட்டு மாதத்திலேயே நாய் முழு உயரத்தைத் தொட்டதுபோலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பவேண்டாம்.

வீட்டுக்குள்ளேயும் அபாயம் உண்டு. இக்காலத்து வழுவழுப்பான டைல்ஸ் தரையிற் குட்டி ஓடித் திரும்பும்போது கால்கள் நான்கும் நான்கு திசையிற் போகும். சாக்கையோ கோரைப் பாயையோ நழுவாதபடி விரித்து வைத்தால் போதும். படிக்கட்டின் அடியில் ஒரு பலகையை வைத்து மறைத்துவிடலாம்.

உணவைப் பற்றியும் சில சொற்கள். கொழுத்த குட்டியே ஆரோக்கியமான குட்டி என்பது நம் வீட்டுப் பெண்மணிகளின் அசைக்க முடியாத அபிப்பிராயம். என் மனைவியும் விலக்கல்ல. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததிற் கால்பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றைப் பிந்தியே அணுகியது. விலாவைத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே சரியான உடல். எலும்பு உறுதிப்படட்டும் என்று சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாராளமாக ஊற்றுவதும் கூடாது. இளங்குட்டியின் குடல் மிகுதியான சுண்ணாம்புச் சத்தை வேண்டாமென்று தள்ளும் திறனை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் சோதித்தபோது, மிகையான சுண்ணாம்புச் சத்து எலும்பு வளர்ச்சியைக் கெடுத்ததைக் கண்டனர். சமச்சீரான உணவு உண்ணும் குட்டிக்கு, மருத்துவர் சொன்னாலன்றி, அம்மருந்து வேண்டியதில்லை.

நம் நாட்டு வெயிலையும் மறக்கலாகாது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இரைத்து இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்திற்கும் பொறுக்காது. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பின்னுமே ஏற்ற வேளைகள். தடுப்பூசிகள் முடியுமுன் தெருநாய்கள் நடமாடும் இடத்திற்குக் குட்டியைக் கொண்டுசெல்ல வேண்டாம்; பார்வோ என்னும் கழிச்சல் நோய் மண்ணிலும் நெடுநாள் தங்கியிருக்கும்.

ஒருநாளைக்கு மேற்பட்ட நொண்டல், எழுந்திருக்கும்போது விறைப்பு, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தத்துதல், முன்பு விரும்பி ஏறிய இடத்தில் ஏறத் தயங்குதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். நொண்டல் தானே நின்றுவிட்டாலும் செல்லுங்கள்.

வெள்ளையனுக்கு இப்பொழுது நான்கு வயது. நாள்தோறும் மாலையில் என்னோடு கண்மாய்க் கரைவரை நடந்து வருகிறான். வலது முன்னங்காலைச் சற்றே வெளியே வீசி வைப்பான். கரையில் முயல் ஓடினால் இருபது அடி துரத்திவிட்டு நின்று, நான் வந்து சேரும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.