காலில் செருப்பு, கையில் டார்ச்!

குழந்தைகளே, மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடிக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில் எல்லாம் உண்டு. மலையில் செட்டிப்புடவு என்று ஒரு குகை. அதற்குள் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சிற்பம் இருக்கிறது. சிங்கத்தின் மேல் அமர்ந்த ஒரு பெண் வில்லை வளைக்கிறாள். எதிரே யானை மேல் ஏறி ஒருவன் சண்டைக்கு வருகிறான். பார்த்தாலே நமக்கும் வீரம் வந்துவிடும்!

தற்காப்பு என்றால் பலருக்கும் இப்படித்தான் நினைவு வரும். சிலம்பம், கராத்தே, குத்து, உதை! நல்லதுதான், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், கம்பு சுற்றி ஜெயிக்க முடியாத எதிரியும் உண்டு.

அதே மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பார்சுவநாதர் சிற்பம் இருக்கிறது. அவர் தலைக்கு மேல் நாகம் படமெடுத்துக் குடை பிடிக்கிறது. பக்கத்தில் நீண்டு கிடக்கும் மலைக்குப் பெயரே நாகமலை. கல்லில் இருக்கும் பாம்பு யாரையும் கடிக்காது. வயல் வரப்பிலும் விறகு அடுக்கிலும் இருப்பது அப்படியல்லவே!

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் 15 வயது நிரம்பாதவர்கள். அதாவது, உங்கள் வயதுக்காரர்கள்.

பாம்பு நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை. தெரியாமல் மிதிக்கிறோம், தெரியாமல் கை வைக்கிறோம். அது பயந்து கடிக்கிறது. அப்படியானால் தற்காப்பு என்ன? மிதிக்காமல் இருப்பது! இருட்டினால் கொல்லைப்புறம் போகக்கூட டார்ச் வேண்டும். காலில் செருப்பு, முடிந்தால் ஷூ. சிலம்பக் கம்பு இருக்கிறதா? அதைச் சுற்ற வேண்டாம், தரையில் தட்டிக்கொண்டே நடங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்ந்து, பெரும்பாலும் அதுவே விலகிப் போய்விடும்.

மலைக்குச் சுற்றுலா போனால் பாறை இடுக்கில் கை விடாதீர்கள். பந்து புதருக்குள் போனால் குச்சியால் தள்ளி எடுங்கள். பள்ளிக்குப் புறப்படும்போது ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாம்பு இல்லாவிட்டாலும் தேளாவது விழும்!

வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் எலியைத் தேடித்தான். சாப்பிட்ட மிச்சத்தை வாசலில் கொட்டினால் எலி வரும். எலியின் பின்னால் பாம்பு வரும். வீட்டைப் பெருக்குவதும் தற்காப்புதான் என்று அம்மா சொன்னால் சிரிக்காதீர்கள்.

நம் பக்கத்தில் அதிக உயிர்ச்சேதம் செய்பவை நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். கண்ணாடி விரியன் குக்கர் விசில் போலச் சீறி எச்சரிக்கும். நல்ல பாம்பு படமெடுக்கும். சுருட்டை விரியன் செதில்களை உரசி மரம் அறுப்பது போலச் சத்தம் செய்யும். கட்டுவிரியன்தான் மிகவும் ஆபத்தானது. பகலில் சோம்பிக் கிடக்கும். இரவில் சத்தமின்றி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிடும். பல சமயம் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும், இமைகள் தொங்கும், பேச்சு குழறும். "நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் மூச்சே நின்றுவிடலாம்.

அதனால் கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாத வீடுகள் எத்தனையோ! பாயில் படுத்தாலும் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. இரவில் ஏதோ குத்தியது போலிருந்தால், திட்டு விழுமே என்று பயந்து மறைக்காமல் உடனே அப்பா அம்மாவை எழுப்புங்கள்.

கடித்துவிட்டால்? ஓடக்கூடாது, நடக்கவும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ, எலும்பு முறிந்தால் கட்டை வைத்துக் கட்டுவோமே, அதுபோல அசையாமல் வைக்க வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதும் இல்லை. அதை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டது உண்டு. 108க்குப் போன் செய்து மருத்துவமனைக்குப் போவதே வழி. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில், பாம்புக்கடி பற்றி மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கே எவ்வளவு மருந்து தேவை என்று அறிய இது உதவும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாம்பின் விஷத்திலிருந்தே! விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். குதிரையின் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவானதும், ரத்தம் எடுத்து மருந்து தயாரிப்பார்கள். அந்த விஷத்தைச் சேகரிப்பதில் பெயர் பெற்றவர்கள் நம் இருளர் மக்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ல் தொடங்கப்பட்டது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் மண்பானையில் வைத்திருந்து, விஷத்தை எடுத்த பிறகு மறுபடியும் வெளியே விட்டுவிடுகிறார்கள்.

இருளர்கள் பாம்பைத் தேடும் விதம் கவனிக்கத் தக்கது. மண்ணில் ஊர்ந்த தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றை நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். அப்புறம்தான் கை வைப்பார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்தபோது, அவற்றைப் பிடிக்க 2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை விமானத்தில் வரவழைத்தார்கள். 2023ல் நம் அரசு அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.