காரில் சப்-ஊஃபர்: மொத்த எடையா, நிகர எடையா?



மளிகை வியாபாரத்துக்கும் காரில் பாட்டுக் கேட்பதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கொள்முதலுக்கும் வசூலுக்கும் ஊர் ஊராகப் போகிற நமக்கு வழித்துணை பாட்டுதான். இப்போது வீட்டுப் பிள்ளைகள் காரில் சப்-ஊஃபரும் ஆம்ப்ளிபயரும் வைத்தாக வேண்டும் என்கிறார்கள். வைத்தபின் "பேஸ் சரியில்லை, இதைவிடப் பெரியது வேண்டும்" என்று மறுபடி வந்து நிற்கிறார்கள். பணம் கொடுப்பது நாம்தான். துவரம்பருப்பைக் கையில் அள்ளியதும் ரகம் சொல்லுகிற நாம், இந்தச் சரக்கையும் பார்த்து வாங்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதில் பணம் மட்டும் போவதில்லை. கம்பியைத் தவறாக இழுத்தால் வண்டியே தீப்பிடிக்கும். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வாட்ஸ் கணக்கு

பொட்டலப் பொருளில் நிகர எடையை அச்சிட வேண்டும் என்று 1977-இல் விதி வந்தது. இப்போது 2011-ஆம் ஆண்டின் விதிகள் நடைமுறையில் உள்ளன. டின்னோடு சேர்த்து எடை போட்டு எண்ணெய் விற்றால் நம்மை விடுவார்களா? ஆனால் ஒலிப்பெட்டி வியாபாரத்தில் அந்த வேலை தாராளமாக நடக்கிறது.

அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் "1200 வாட்ஸ்" என்றிருக்கும். அது கண்ணிமைக்கும் நேரம் தாங்கக்கூடிய உச்ச அளவு. உள்ளே இருக்கும் தாளில் பொடி எழுத்தில் "ஆர்.எம்.எஸ். 250 வாட்ஸ்" என்றிருக்கும். தொடர்ந்து தரக்கூடிய அளவு அதுதான். 1200 மொத்த எடை, 250 நிகர எடை. ஆம்ப்ளிபயரானாலும் ஊஃபரானாலும் ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்டே விலை பேச வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவின் மின்னணுப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் 2003-இல் சி.இ.ஏ.-2006 என்று ஓர் அளவுமுறை கொண்டுவந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒலிச்சிதைவு ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல் எத்தனை வாட்ஸ் வருகிறது என்று அளந்து சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சங்கத்தின் பெயர் மாறியதால் இப்போது அது சி.டி.ஏ.-2006 எனப்படுகிறது. அந்தக் குறிப்பு உள்ள ஆம்ப்ளிபயரை முத்திரை குத்திய படிக்கல்லுக்குச் சமமாகக் கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 500 வாட்ஸை 1000 வாட்ஸ் ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசமே. இருமடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே பேஸ் சரியில்லை என்றதும் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்க ஓடுவது, தராசு சரியில்லாத கடையில் கூடுதல் சரக்கை இறக்குவதற்கு ஒப்பாகும்.

பெட்டிதான் பாதி

ஊஃபர் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதைப் பொருத்தும் மரப்பெட்டி சரியில்லையென்றால் பேஸ் வராது. கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே தள்ளும் காற்றும் கலந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். அதைப் பிரித்து வைப்பதே பெட்டியின் வேலை.

பெட்டி இரண்டு வகை. முழுவதும் மூடியது ஒன்று. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த பேஸ் வரச்செய்தார். இந்த வகையில் தவிலும் மிருதங்கமும் அடிக்கு அடி தெளிவாகக் கேட்கும். காற்றுப்போக்குக் குழாய் வைத்தது மற்றொன்று. அதே வாட்ஸில் சத்தம் கூடுதலாக வரும். ஆனால் அளவு தவறினால் எந்தப் பாட்டுக்கும் "பூம், பூம்" என்று ஒரே சுரமாக இடிக்கும்.

இந்த அளவுகளைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டார். பின்னர் 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஒவ்வொரு ஊஃபருடனும் வரும் தாளில் "எத்தனை கன அடிப் பெட்டி" என்று இருப்பது இந்தக் கணக்கின்படிதான். அந்தத் தாளைத் தச்சரிடம் காட்டிப் பெட்டி செய்யச் சொல்ல வேண்டும். தயாராகக் கிடைக்கும் பெட்டியில் எந்த ஊஃபரையும் மாட்டுவது, எந்தப் பாட்டிலுக்கும் ஒரே மூடியைப் போடுவது போன்றது. பலகை முக்கால் அங்குலக் கனமாவது இருக்கட்டும். மூடிய பெட்டியானால் மூலைகளில் காற்று கசியாமல் சிலிக்கான் பூச வேண்டும்.

கம்பியும் பியூஸும்

இந்தப் பகுதியை வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் ஆம்ப்ளிபயர் 'கிளாஸ் டி' வகையாக இருந்தாலும், முழு அளவில் ஓடும்போது பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். பாட்டரி முன்னால், ஆம்ப்ளிபயர் பின்னால். நடுவே சுமார் 5 மீட்டர் கம்பி. சிலர் சிக்கனம் என்று வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. கம்பியையே இழுத்துவிடுகிறார்கள். அதில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே வீணாகும். சுமார் 70 வாட்ஸ், மிதியடிக்குக் கீழே வெறும் சூடாகப் போகும். ஓட்டை டின்னில் எண்ணெய் கொண்டுபோவது போன்ற நஷ்டம் இது. ஆனால் எண்ணெய் ஒழுகினால் காசோடு போயிற்று. கம்பி சூடேறி மேலுறை உருகினால் தீ.

இந்த அளவு ஆம்ப்ளிபயருக்கு 4-ஆம் நம்பர் கேஜ், அதாவது சுமார் 21 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஏற்றது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் அதே தடிமனில், அதே நிறத்தில் மலிவாகக் கிடைக்கும். கலப்படம் நமக்குப் புதிதல்ல. முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது முழுச் செம்பல்ல.

பாட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் பியூஸ் கட்டாயம் வேண்டும். பியூஸ் காப்பது ஆம்ப்ளிபயரை மட்டுமல்ல, முக்கியமாகக் கம்பியை. தகரத்தைத் துளைத்துக் கம்பி உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லையேல் வண்டி ஆடி ஆடி மேலுறை அறுந்துவிடும். எர்த் கம்பி குட்டையாகவும் அதே தடிமனிலும் இருக்க வேண்டும். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் முடுக்க வேண்டும். பாட்டு வரும் கம்பியை ஒரு பக்கமும் பாட்டரிக் கம்பியை மறுபக்கமும் கொண்டுபோனால், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வரும் "கூய்" சத்தம் பெரும்பாலும் இருக்காது.

ஆம்ப்ளிபயரை எழுப்பும் மெல்லிய ரிமோட் கம்பியை ஸ்டீரியோவிலிருந்துதான் எடுக்க வேண்டும். நேரே பாட்டரியில் கொடுத்தால் வண்டி நின்ற பிறகும் ஆம்ப்ளிபயர் விழித்தே இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது. அன்றைய காய்கறிக் கொள்முதல் போயிற்று.

திருகு வைக்கும் முறை

நமது மண்டியில் சரக்கெடுக்கும் நண்பர் ஒருவரின் மகன் சிறிய காரில் ஊஃபர் வைத்தார். தகரக் கொட்டகையில் மழை கொட்டியது போல இரைச்சல்தான் வந்தது. விற்ற கடையில் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்கச் சொன்னார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரோ கம்பியை மாற்றி, நான்கு திருகுகளைச் சரிசெய்து, பெட்டியைத் திருப்பி வைத்துக் கொடுத்தார். புது ஆம்ப்ளிபயர் விலையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. அவர் செய்தவை இவை:

முதலில் கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊஃபருக்கு, மேலே கதவு ஸ்பீக்கர்களுக்கு என்று வேலையைப் பிரித்தார். அவரவர் வேலையை அவரவர் பார்த்தால்தான் கடை நடக்கும். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். சிறிய கதவு ஸ்பீக்கரால் அதைச் சுமக்க முடியாது.

இரண்டாவது கெயின். இது சத்தம் கூட்டும் திருகல்ல. பாட்டிலின் வாய்க்கு ஏற்ற புனலைத் தேர்ந்தெடுப்பது போன்றது. ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, ஊஃபர் கம்பியைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் இரண்டையும் பெருக்கினால் 1200. அதன் வர்க்கமூலம் சுமார் 34.6. மீட்டர் 34 காட்டும்போது திருகை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஒலி சிதையும், ஊஃபரின் காயில் கருகும்.

மூன்றாவது பேஸ் பூஸ்ட். அதைப் பூஜ்யத்தில் வைத்தார். 6 டெசிபல் பூஸ்ட் வைத்தால் ஆம்ப்ளிபயர் நான்கு மடங்கு வாட்ஸ் தர வேண்டும். இல்லாத சரக்குக்கு ரசீது போடுவதுதான் அது.

நான்காவது ஃபேஸ். 0, 180 என்ற இரு நிலைகளிலும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்டு, பேஸ் கூடுதலாகக் கேட்ட நிலையில் விட்டார். பெட்டியின் வாயையும் டிக்கிக் கதவைப் பார்க்கத் திருப்பினார். பல சிறிய கார்களில் இதுவே நல்ல மாற்றம் தரும்.

நம்பர் பிளேட்டும், டிக்கியில் கிடக்கும் ஜாக்கியும் கிடுகிடுத்தால் அதுவும் பேஸைக் கெடுக்கும். ரப்பர் வைத்து முடுக்கினால் போதும்.

காதும் அக்கம்பக்கமும்

உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். காது போனால் திரும்பி வராது. பேரம் பேசவும் காதுதானே வேண்டும்? குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. தெருவே அதிர வண்டி ஓட்டினால் கெடுவது நம் கடையின் பெயர்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு? ஆம்ப்ளிபயரும் ஊஃபரும் ஒத்துப்போகிறதா?
2. ஊஃபர் எத்தனை ஓம்? ஆம்ப்ளிபயர் அதற்குத் தாங்குமா? இரண்டு 4 ஓம் ஊஃபரை இணையாகச் சேர்த்தால் சுமை 2 ஓம் ஆகும்.
3. தாளில் சொன்ன கன அடிப்படிதான் பெட்டியா?
4. கம்பி முழுச் செம்பா? பியூஸ் பாட்டரி அருகிலா?
5. இந்த வேலையால் காரின் வாரண்டிக்குப் பாதகம் வருமா?

இந்த ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். பெரிய எண்ணைக் காட்டி அவசரப்படுத்தும் கடையை விட்டு எழுந்து வாருங்கள். நிகர எடை பார்த்து வாங்கினவர் நஷ்டப்பட்டதில்லை.