திரைச்சீலையில் ஒரு சேதி

வீட்டுப் பூனை திடீரென்று திரைச்சீலை, கதவு, அப்பாவின் ஷூ என்று கண்ட இடத்தில் மூத்திரம் அடிக்கிறதா? திட்டுவதற்கு முன்னால், அது எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்.

அவசரமாக ஒன்றுக்குப் போகும் பூனை தரையில் குந்தும், நிறையப் போகும். அடையாளம் போடும் பூனை குந்தாது. சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கும். வால் நட்டமாக நிமிரும், நுனி மட்டும் வெடவெடவென்று நடுங்கும். பின்னங்கால்கள் நின்ற இடத்திலேயே மாறி மாறி மிதிக்கும். பிறகு ஒரு சின்னப் பீச்சல், அவ்வளவுதான். ஈரம் பூனையின் மூக்கு உயரத்தில் இருக்கும். அடுத்து வரும் பூனை குனியாமலே மோந்து பார்க்க வேண்டுமல்லவா?

நம் வீட்டுப் பூனைகளின் மூதாதையர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைகள். தனியாகவே வேட்டையாடும் இனம். சண்டையில் ஒரு கால் அடிபட்டால் எலி பிடிக்க முடியாது, பட்டினிதான். அதனால் எதிரியை நேரில் சந்திக்காமலே விஷயத்தைச் சொல்லிவிடும் வழி இது. ‘இங்கே ஒருவன் இருக்கிறான்’ என்று மரத்திலும் புதரிலும் வாசனையால் எழுதி வைத்துவிடும்.

அந்த மைக்கு ஒரு வேதியியல் உண்டு. பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. வெளியே வரும்போது அதற்கு வாசனையே கிடையாது. நேரம் ஆக ஆகச் சிதைந்து, கந்தகம் கலந்த பொருள்களாக மாறும். அந்தக் ‘கடுவன் பூனை வீச்சம்’ இதனால்தான். கருத்தடை செய்யாத கடுவனிடம் ஃபெலினைன் மிக அதிகம். இது உருவாக உதவும் புரதத்தைக் கண்டுபிடித்தது ஜப்பானின் மசாவோ மியாசாகி குழு. காக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

புலியும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் கதை வேறு. கொல்கத்தாவில் ஆர். எல். பிரம்மச்சாரி என்ற விஞ்ஞானி இருந்தார். புலி மரத்தில் பீச்சும் திரவத்தில் பாசுமதி அரிசி வாசனை வருவதைக் கவனித்து, காரணத்தைத் தேடினார். அரிசிக்கு மணம் கொடுக்கும் அதே வேதிப்பொருள் புலியிடமும் இருந்தது! இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலையிலும் அதுதான். அடுத்த முறை பிரியாணிச் சட்டியைத் திறக்கும்போது அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கரண்டி எட்டாத தூரத்தில் நின்று சொல்வது நல்லது.

சரி, சோறும் பாலும் கிடைக்கிற வீட்டுப் பூனை ஏன் எழுதுகிறது? பெரும்பாலும் பயத்தால். ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் புதுக் கடுவன் ஒன்று தினமும் வந்து உட்காரலாம். வீட்டுக்குப் புதுக் குழந்தையோ, புது நாயோ, ஊரிலிருந்து வந்த பெரிய பெட்டியோ வந்திருக்கலாம். தன் வாசனை நிறைந்த வீட்டில் வேற்று வாசனை புகுந்தால் பூனை தன் வாசனையை இன்னும் அழுத்திப் போடும். அடித்தால் பயம் கூடும், பீச்சலும் கூடும்.

ஆகவே துப்பறிய வேண்டும். ஈரம் எங்கே என்று ஒரு தாளில் வீட்டின் படம் வரைந்து புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஜன்னல், வாசல் பக்கம் குவிந்தால் சந்தேகம் வெளிப் பூனைமேல்தான். ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டி மறைத்தாலே பல பூனைகள் அமைதியாகிவிடும். இரண்டு பூனை இருந்தால் மூன்று மணல் தட்டு, வெவ்வேறு இடங்களில். பயந்தால் ஏறிக்கொள்ள அலமாரி உச்சியில் ஓர் இடமும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வேண்டும். கருத்தடை செய்யாத பூனை என்றால் முதல் வைத்தியமே அதுதான். பெரும்பாலான கடுவன்கள் அதன்பின் பீச்சுவதை விட்டுவிடும்.

கழுவுவதில்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. உடனே பினாயில் பாட்டிலைத் தூக்குவோம். அதில் இருக்கக்கூடிய ஃபீனால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. நனைந்த பாதத்தை நக்கினாலே அதற்கு விஷம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்: மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், அது நமக்கும் ஆகாது. நொதி கலந்த சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி அலசிக் காயவிடச் சொல்லுங்கள்.

காய்ந்த பிறகு ஒரு வேடிக்கை செய்யலாம். பூனை உங்கள் காலில் கன்னத்தைத் தேய்க்குமே, அதுவும் வாசனை எழுத்துதான். ஆனால் ‘இது என் இடம், பயமில்லை’ என்கிற எழுத்து. சுத்தமான மெல்லிய துணியால் அதன் கன்னத்தை மெதுவாகத் தடவி, கழுவிய இடத்தில் ஒற்றி எடுங்கள். தடவ விடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், நகம் பேசும்!

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பூனை தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி, முக்கி, சொட்டுகூட வராமல் கத்தினால் அது அடையாளம் போடுவதல்ல. கடுவன்களுக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொள்வதுண்டு. ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. ராத்திரி என்றாலும் அப்பாவை எழுப்பி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.